எதைப் பிடித்து எழுந்தாள்?

என் அண்ணி அனிதா மேரியைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் வீட்டில் முதலில் சிரித்தவன் என் அண்ணன் ஆரோக்கியசெல்வம்தான். "அவளப் பத்தி எழுதுறதுன்னா அகலமான பேப்பரா வாங்கு" என்றான். கல்யாணமான நாளிலிருந்து அவள் கையால் சாப்பிட்டுத் தொப்பை வளர்த்தவன் பேசுகிற பேச்சு இது. அண்ணி பருமன்தான். அதை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது, ஏனென்றால் எல்லாம் அவளுடைய பருத்த உடம்பிலும் முழங்கால் வலியிலும்தான் ஆரம்பித்தது. நாத்தனார் என்ற உரிமையில் நான் சொல்கிறேன். வேறு யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன்.

அரியலூரிலிருந்து ஜெயங்கொண்டம் போகிற சாலையில் பாதியில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் சுக்காம்பட்டி. ஒரு தெரு எங்களுடையது, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவர்கள். மற்ற தெருக்களில் காலங்காலமாக விவசாயம் செய்கிற குடும்பங்கள். இப்போது பாதிப் பேர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கும் லாரிக்கும் போய்விட்டார்கள். அண்ணி ஊர் அங்கன்வாடியில் டீச்சர். அங்கன்வாடிக்குப் பக்கத்து அறையில் நான் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். என் ஜன்னலைத் திறந்தால் அவள் வாசல். அதனால் அங்கே ஒரு பிள்ளை தும்மினாலும் எனக்குத் தெரியும்.

அந்த வாசலுக்கு வெளியே ரோடு. ரோட்டில் சிமெண்ட் ஆலைக்குக் கல் ஏற்றிப்போகிற டிப்பர் லாரிகள், காலையிலிருந்து இருட்டும்வரை. போன வருடத்துக்கு முந்தின வருடம் ஒரு நாய்க்குட்டி அடிபட்டுச் செத்தது. அன்றிலிருந்து அண்ணி கேட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டாள். பிள்ளைகள் காலையில் உள்ளே வந்தால் சத்துமாவு உருண்டை, மதியம் முட்டை சாதம், ஒரு தூக்கம், சாயங்காலம் வீடு. வீட்டுக்குப் போனால் கையில் செல்போன். சுகாதார முகாமுக்கு வந்த டாக்டர் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துவிட்டு, "ஓடி ஆடி விளையாடணும்மா, உக்காந்தே இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். எங்கே ஓடுவது? லாரிச் சக்கரத்துக்கு அடியிலா? இதை அவரிடம் கேட்க நான் வெளியே வருவதற்குள் கார் கிளம்பிவிட்டது.

அண்ணிக்கு அந்தப் பேச்சு உறைத்தது. மறுநாளே சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு அறைக்குள் பிள்ளைகளோடு ஓடிப்பிடித்து விளையாடினாள். ஒரு வாரம் தாக்குப்பிடித்தாள். அப்புறம் முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கி, வெந்நீர் ஒத்தடம் நான்தான் கொடுத்தேன். "அண்ணி, நீங்க நாற்காலியிலயே உக்காந்து கத சொல்லுங்க, அதுதான் உங்களுக்கு வரும்" என்றேன். அவள் முகம் தொங்கிப்போயிருந்தது.

அவள் மனசில் இருந்தது எல்லாப் பிள்ளைகளும் இல்லை, ஒரே ஒரு பிள்ளை. அதன் பெயர் முத்தமிழ்.

முத்தமிழ் லாரி ஓட்டுகிற அழகேசனுக்கும் அம்பிகாவுக்கும் ஒரே மகள். மாதம் நிறைவதற்கு முன்பே பிறந்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்த நாட்களில் அழகேசன் வாசலிலேயே படுத்துக் கிடந்து, செட்டிகுளம் முருகனுக்கு வேண்டிக்கொண்டான். புள்ள பிழைத்தால், அவள் தன் காலால் மலை ஏறி வந்துதான் பிறந்த முடியைக் கொடுப்பாள். யாரும் தூக்க மாட்டோம். அப்படி ஒரு வேண்டுதல். பிள்ளை பிழைத்தது. ஆனால் கண்ணாடிப் பெட்டியில் பார்த்த குழந்தையைத் தரையில் விட யாருக்கு மனசு வரும்? அம்பிகா இடுப்பை விட்டு இறக்கவில்லை. நாய்க்குட்டி அடிபட்டதைக் கண்ணால் பார்த்த பிறகு இன்னும் மோசம். நாலு வயசு தாண்டியும் அந்தப் பிள்ளை தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஏதாவது வேண்டும், சுவரோ, நாற்காலிக் காலோ, அம்மாவின் சேலையோ. ஒன்றுமில்லாவிட்டால் உட்கார்ந்த இடத்திலேயே அழும். பெரம்பலூரில் காட்டினார்கள். எலும்பில் குறையில்லை, இறக்கிவிட்டு நடக்க விடுங்கள் என்றுதான் சொன்னார்கள்.

ஒரு தையில் நம்பிக்கையோடு செட்டிகுளம் கூட்டிப்போனார்கள். அடிவாரத்தில் நாலைந்து படி ஏறியதும் பிள்ளை உட்கார்ந்துவிட்டது. கெஞ்சியும் மிரட்டியும் மிட்டாய் காட்டியும் எழவில்லை. முடியோடு திரும்பி வந்தார்கள். சீப்பு இறங்காத அந்த முடியைப் பார்த்துப் போகிறவர் வருகிறவரெல்லாம், "இன்னுமா இறக்கல? அஞ்சு வயசுக்குள்ள குடுத்துடணும்பாங்களே" என்று கேட்பார்கள். அம்பிகா என்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்து, அளவு எடுக்கும்போதே அழுதிருக்கிறாள். அடுத்த தை பிறந்தால் முத்தமிழுக்கு அஞ்சு முடிகிறது. அதற்குள் அந்தக் கால்கள் மலை ஏற வேண்டும். அண்ணியின் மனசை அரித்தது அதுதான்.

தவக்காலம் வந்தது. எங்கள் தெருக் கோயிலில் வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஆண்டவர் சிலுவை சுமந்துபோன வழியைப் பதினான்கு படங்களாகச் சுவரில் மாட்டியிருப்போம். எல்லோரும் ஒரு படத்தின் முன்னால் நின்று, முழந்தாளிட்டு எழுந்து, செபம் சொல்லி, பாடிக்கொண்டே அடுத்த படத்துக்கு நகர்வோம். அந்த வெள்ளிக்கிழமை அண்ணிக்கு நிற்க முடியவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். துணைக்கு நானும் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் அந்தக் கூட்டத்தைப் பின்னாலிருந்து பார்க்கிறாள்.

டேவிட்ராஜ் மாமா என்று ஒருவர் உண்டு. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட ஆள் அனுப்பித்தான் எழுப்ப வேண்டும். அந்த மனுஷர் ஒவ்வொரு படத்துக்கும் மண்டியிட்டு எழுந்து, மண்டியிட்டு எழுந்து, கோயிலையே சுற்றி வந்துகொண்டிருந்தார். அண்ணி என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"கிறிஸ்டி, இவர யாரு புள்ள நடக்க வைக்கிறது?"

"சாமியாரு."

"சாமியாரு புத்தகத்தப் பாத்துப் படிச்சுக்கிட்டு இருக்காரு. இவர நடக்க வைக்கிறது படம். அடுத்த படம் அங்க இருக்கு, அதனால இவரு அங்க போறாரு."

"அண்ணி, செபத்துல இருக்கோம்" என்றேன். அவள் காதில் விழவில்லை. ஆண்டவர் மன்னிக்கட்டும், மீதிச் சிலுவைப்பாதை முழுக்க அவள் வேறு ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அங்கன்வாடி பீரோ திறந்தது. உள்ளே படப் புத்தகங்கள் இருந்தன. அவற்றை யாரும் வெளியே எடுப்பதில்லை. கிழிந்தால் மேலே பதில் சொல்ல வேண்டும், அதனால் பூட்டியே இருக்கும். பிள்ளைகளுக்காக அச்சடித்த புத்தகம் பிள்ளைகள் கைபடாமல் புத்தம் புதிதாக இருப்பதுதான் நல்ல நிர்வாகம் என்று எந்த மகாராசன் முடிவுசெய்தானோ தெரியாது. அவற்றில் ஒன்று மட்டும் கூரை ஒழுகி நனைந்து, பின் கழன்று, பக்கம் பக்கமாகப் பிரிந்து கிடந்தது. கோடைக்காலத்தில் மிருகங்கள் தண்ணீர் தேடிக் குளத்துக்குப் போகிற கதை. அண்ணி அந்தத் தாள்களை அள்ளிக்கொண்டு என் மிஷினுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இது ஒவ்வொண்ணையும் பிளாஸ்டிக் உறைக்குள்ள வச்சுத் தைச்சுக் குடு. மேல மாட்டுறதுக்கு நாடா வை."

மேஜைக்குப் போடுகிற கண்ணாடி பிளாஸ்டிக்கில் தைத்தேன். ஊசி உடைந்தது, நூல் சிக்கியது, பண்டிகைத் துணியெல்லாம் தேங்கியது. அண்ணி ஒன்றையும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

அறையின் நாலு சுவரையும் சுற்றி ஆணி அடித்து, பக்கங்களை வரிசையாக மாட்டினாள். பிள்ளைகளின் கண் உயரத்துக்கு. முதல் படத்தின் முன்னால் நின்று கதையை ஆரம்பித்தாள். படுத்திருக்கிற பசு பின்னங்காலை ஊன்றி எழுகிறது. "பசுவுக்குத் தாகம். அடுத்த படத்துக்குப் பசு மாதிரிதான் போவணும்." அவ்வளவுதான் சொன்னாள். ஓடு என்றோ குதி என்றோ ஒரு வார்த்தை இல்லை. பிள்ளைகள் நாலு காலில் ஆடி ஆடிப் போனார்கள். அடுத்தது பாறை தாவுகிற ஆடு. அதிலிருந்து நண்டுக்குத் தாவித் தாவிப் போனார்கள். நண்டிலிருந்து கொக்குக்குப் பக்கவாட்டில். கொக்குக்கு முன்னால் எல்லோரும் ஒற்றைக் காலில் நின்று தடதடவென்று விழுந்தார்கள், எழுந்தார்கள். கடைசிப் படத்தில் யானை தும்பிக்கையால் தண்ணீர் இறைக்க, அறையே இரண்டுபட்டது. அண்ணி தனக்கு முடிந்த நடையில் ஒவ்வொரு படமாக நகர்ந்து கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் அவளுக்கு முன்னால் அடுத்த படத்துக்குப் போய்க் காத்துக்கொண்டிருந்தார்கள்.

சமையல் செய்கிற வீராயி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "டீச்சரே, நண்டு ஒண்ணு எங் அடுப்படிக்கு வந்துடுச்சு, புடிச்சிட்டுப் போங்க." நான் மிஷினை நிறுத்திவிட்டு ஜன்னலில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன்.

முத்தமிழ் மட்டும் நடுவில் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி அவளைக் கூப்பிடவில்லை. மறுநாள் காலையில் வந்து நண்டுப் படத்தைக் கழற்றி, தரையை ஒட்டி மாட்டினாள், பாயிலிருந்து கொஞ்ச தூரத்தில். நண்டின் கொடுக்கை நன்றாகப் பார்க்க முத்தமிழ் உட்கார்ந்தபடியே நகர்ந்து போனாள். அடுத்த நாள் படம் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனது. பிறகு ஒரு சாண் உயர்ந்தது. உட்கார்ந்தால் பாதி நண்டுதான் தெரியும். மீதியைப் பார்க்கச் சுவரைப் பிடித்து எழ வேண்டும். எழுந்தாள். சுவரைப் பிடித்தே ஆட்டுக்குப் போனாள், கொக்குக்குப் போனாள். மழைக்காலம் வருவதற்குள் அவள் வரிசையில் கடைசியாகவாவது யானை வரைக்கும் வந்து சேர ஆரம்பித்திருந்தாள். அண்ணி தினமும் சாயங்காலம் என் மிஷினுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இன்னிக்கு எங்க வரைக்கும் வந்தா தெரியுமா?" என்று ஆரம்பிப்பாள். ஜன்னலில் பார்த்ததையே மறுபடியும் கேட்பேன்.

இவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு மத்தியானம் அழகேசன் வந்தான். லாரியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு, தலைமுதல் கால்வரை சுண்ணாம்புத் தூசியோடு கேட்டைப் பிடித்து ஆட்டினான். பின்னால் முத்தமிழை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்பிகா.

"டீச்சர்! வெளிய வாங்க!"

"உள்ள வாங்க தம்பி, வெயில்ல நிக்கிறீங்க" என்றாள் அண்ணி.

"உள்ள வர வரல. எம் பொண்ணுக்கு என்ன சொல்லிக் குடுத்தீங்க இங்க? முருகனுக்கு வேண்டிக்கிட்ட புள்ளங்க அது. வூட்டுல காலண்டருக்கு முன்னாடி போயி உங்க கோயில்ல பண்ற மாதிரி மண்டி போடுது. எங்க அண்ணன் வூட்டுக் கல்யாணப் போட்டோவுக்கு மண்டி போடுது. லாரி முன்னாடி ஒட்டியிருக்கிற படத்துக்கும் போடுது. கூட ஓட்டுறவன்லாம், என்னப்பா பொண்ண மாத்திப்புட்டாங்களான்னு கேக்குறான். நான் என்ன சொல்றது? இனிமே இங்க அனுப்பப் போறதில்ல. சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று எழுந்து போனேன். அண்ணி கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. எதையோ புரிந்துகொண்டவள் போல் தன் வலது முழங்காலைக் குனிந்து பார்த்தாள்.

அப்போதுதான் எனக்கும் விளங்கியது. சுவரில் வரிசையாகப் படம் மாட்டியிருந்தால் எங்களுக்குக் கால் தானாக மடங்கும். பால் குடி மறந்த நாளிலிருந்து வந்த பழக்கம். வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு படத்தின் முன்னாலும் அண்ணி ஒரு சின்ன மண்டி போட்டு எழுந்திருக்கிறாள், நண்டுக்கும் ஆட்டுக்கும் கொக்குக்கும். அவளுக்கே தெரியாமல். பார்த்த எனக்கும் அது உறைக்கவில்லை, நானும் அதே கோயில்காரிதானே. பிள்ளைகள் அதையும் கதையில் ஒரு பகுதி என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

அண்ணி நிமிர்ந்தாள். "தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். காலண்டர் முன்னாடி மண்டி போட்டா. அப்புறம்?"

"அப்புறம் என்ன? எந்திரிச்சிட்டா."

"எதப் புடிச்சு எந்திரிச்சா?"

அழகேசன் திரும்பி அம்பிகாவைப் பார்த்தான். ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"எதையும் புடிக்கலங்க" என்றாள் அம்பிகா மெதுவாக. சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டவள் போல் நின்றாள். "காலண்டரு நடுச் செவுத்துல தொங்குது. பக்கத்துல ஒண்ணுமே இல்ல. கைய முழங்கால்ல வச்சு... அதுவா எந்திரிச்சிச்சு."

அம்பிகா இடுப்பிலிருந்த பிள்ளையைத் தரையில் இறக்கினாள். முத்தமிழுக்கு இந்தப் பஞ்சாயத்தெல்லாம் ஒரு பொருட்டா? அவள் நேராக உள்ளே போனாள். பசுவுக்கு முன்னால் ஒரு மண்டி போட்டாள், எழுந்தாள். ஆட்டுக்கு முன்னால் போட்டாள், எழுந்தாள். சுவர் பக்கத்திலேயே இருந்தது. அதை அவள் தொடவில்லை.

அழகேசன் வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோதும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பான் என்று நினைத்தேன். தூசி படிந்த முகத்தில் இரண்டு கோடு இறங்கியது.

"தப்பு எம் மேலதான் தம்பி" என்றாள் அண்ணி. "படத்தப் பாத்தா மடங்குற காலு இது. நான் சொல்லிக் குடுக்கல, என்னப் பாத்துப் புள்ளைங்க செஞ்சுடுச்சுங்க. உங்களுக்குச் சங்கடம்னா நாளையிலேருந்து நாற்காலிய விட்டே எந்திரிக்கல."

"நிறுத்திப்புடாதீங்க டீச்சர்" என்றான் அவன்.

அண்ணி நிறுத்தவில்லை. ஆனால் ஊர் வாய்க்கும் ஒரு பதில் வேண்டுமே. பழைய காலண்டர் ஒன்றில், குட்டி ஆடு முன்னங்காலை மடித்து மண்டியிட்டுத் தாய் மடியில் பால் குடிக்கிற படம் இருந்தது. அதை வெட்டிக்கொண்டு வந்து தைக்கச் சொன்னாள். மறுநாளிலிருந்து கதையில் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் குட்டி ஆடு வந்து பால் குடித்துவிட்டு எழுந்தது. மண்டி போடுவது ஆட்டுக்குட்டியின் வேலையாகிவிட்டது. ஊரில் யாருக்கும் ஆட்டுக்குட்டியிடம் சண்டை போடத் தைரியமில்லை.

அந்த வாரமே அழகேசன் ஹாலோ பிளாக் கல் கொண்டுவந்து கேட்டுக்கு உள்பக்கம் வேப்பமரத்தடியில் அடுக்கிப் படிக்கட்டு கட்டினான். ஏறி இறங்க ரெண்டு பக்கமும் படி. உச்சியில் யானைப் படம். முத்தமிழோடு எல்லாப் பிள்ளைகளும் நாள் முழுக்க அதில் ஏறி இறங்கினார்கள். கார்த்திகையில் மழை விட்ட ஒரு காலையில் அவள் கொக்கு மாதிரி ஒரு காலை உயரத் தூக்கி, அடுத்த படியில் வைத்து, தனியாக யானையைத் தொட்டாள். வீராயி கொதிக்கிற உலையை விட்டு ஓடிவந்து கை தட்டினாள். அன்று சோறு குழைந்துபோனதை யாரும் குறையாகச் சொல்லவில்லை.

தை பிறந்தது. ஒரு வேனில் அழகேசன் குடும்பமும் அவர்கள் சொந்தமும், அழைப்பின்பேரில் அண்ணியும் நானும். பெரம்பலூர் தாண்டி, வெங்காயம் காய்கிற வயல்களைக் கடந்து செட்டிகுளம் போய்ச் சேர்ந்தோம். அண்ணி அடிவாரத்திலேயே ஒரு பூக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "நான் இங்கேருந்து பாத்துக்கறேன், எங் காலு படிக்கட்டப் பாத்தாலே அழுவுது" என்றாள். வெற்றிலைப் பை மாதிரி மடியில் ஒரு துணிப்பை வைத்திருந்தாள். உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை.

முத்தமிழ் பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படி ஏறினாள். போன தையில் உட்கார்ந்த படியைத் தாண்டினாள். சொந்தமெல்லாம் முருகா என்று கூவியது. இன்னும் கொஞ்சம் ஏறினாள். திடீரென்று நின்றாள். இடதுபக்கம் பார்த்தாள், வலதுபக்கம் பார்த்தாள். உதடு பிதுங்கியது.

"படம் எங்க?"

மலையில் படம் ஏது? நிமிர்ந்து பார்த்தால் கல்லும் படியும் வெயிலும்தான். பிள்ளை அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பெத்த மனசு, அம்பிகா கையை நீட்டிக் குனிந்தாள். "தூக்கிடாத!" என்று அழகேசன் கத்தினான். அந்தக் கத்தலில் பிள்ளை பயந்து அழ ஆரம்பித்தாள். கூட்டத்தில் ஒரு பெரியவர், "அதுக்கு வயசு பத்தலைப்பா, வேண்டுதல மாத்திக்கலாம், சாமி ஒண்ணும் சொல்லாது" என்றார். அம்பிகா படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

கீழே பார்த்தேன். பூக்கடைப் பெஞ்சு காலியாக இருந்தது. என் அண்ணி, முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டு, மூச்சு இரைக்க, கூட்டத்தை இடித்துத் தள்ளி ஏறி வந்துகொண்டிருந்தாள். துணிப்பையை என் கையில் திணித்தாள். "எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு முன்னாடி ஓடு. கைப்பிடிக் கம்பியில கட்டு. கிட்டக் கிட்டக் கட்டாத."

பைக்குள் பசு, ஆடு, நண்டு, கொக்கு எல்லாம் இருந்தன. நான் ஓடினேன். இரும்புக் கம்பியில் நாடாவை முடிந்துகொண்டே ஏறினேன். பசு வெயிலில் மினுங்கியது. அழுதுகொண்டிருந்த முத்தமிழ் அதைப் பார்த்தாள். மூக்கைத் துடைத்தாள். ரெண்டு கையையும் மேல்படியில் ஊன்றி, பின்காலை ஊன்றி, பசு மாதிரி எழுந்தாள்.

அப்புறம் யாரும் அவளை நிறுத்தவில்லை. பசுவைத் தாண்டி ஆட்டுக்குத் தாவினாள். நண்டுக்குப் பக்கவாட்டில் படி ஏறினாள். இறங்கி வந்த பக்தர்கள் ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள். தாண்டிய படங்களைச் சொந்தக்காரர்கள் அவிழ்த்து என்னிடம் கொடுக்க, நான் மேலே கொண்டுபோய்க் கட்டினேன். காவடி எடுத்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு, அவளுக்குப் பின்னால் கொக்கு மாதிரி ஏற ஆரம்பித்தன. அந்தப் பெரியவர், வேண்டுதலை மாற்றச் சொன்னவர், யானைப் படத்தைத் தன் கையிலேயே வாங்கித் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். இந்த மனுஷர்கள் இருக்கிறார்களே!

உச்சி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அண்ணி விழுந்துவிட்டாள். விழுந்தாள் என்றால், படியில் உட்கார்ந்து இனி முடியாது என்று கையை விரித்துவிட்டாள். முகம் வியர்வையில் குளித்திருந்தது. "நீங்க போங்க, புள்ள ஏறட்டும்" என்றாள். மேலே போன முத்தமிழ் திரும்பிப் பார்த்தாள். எங்களுக்கெல்லாம் உயிரே போய்விட்டது, அவளும் உட்கார்ந்துவிடப் போகிறாள் என்று. ஆனால் அவள் இறங்கி வந்தாள். அண்ணிக்கு எதிரில் இடுப்பில் கை வைத்து நின்று, அங்கன்வாடியில் அண்ணி பேசுகிற அதே குரலில் சொன்னாள்:

"யானைக்குத் தாகம். யானை மாதிரி வாங்க டீச்சர்."

கூட்டம் முழுக்கச் சிரித்தது. அண்ணியும் சிரித்தாள், அழுதாள், எழுந்தாள். ஒரு கையைத் தும்பிக்கையாக ஆட்டிக்கொண்டு என் அண்ணி செட்டிகுளம் மலையின் கடைசிப் படிகளை ஏறினாள். முன்னால் முத்தமிழ். அவள் ஏறிய படியை இறங்கி மறுபடி ஏறினாளே, அதையும் சேர்த்தால் வேண்டியதற்கு மேலேயே கொடுத்துவிட்டாள் என்று அழகேசன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். தாய்மாமன் மடியில் உட்கார வைத்து முடி இறக்கினார்கள். இத்தனை வருடத்துச் சிக்கு முடி கீழே விழுந்தது. சந்தனம் பூசிய மொட்டையைத் தடவித் தடவி அம்பிகா முத்தம் கொடுத்தாள்.

சாமி கும்பிடும்போது நானும் அண்ணியும் வெளி மண்டபத்தில் ஓரமாக நின்றோம். தூரத்தில், கையில் கரும்போடு முருகன். தீபாராதனை காட்டினார்கள். மணி அடித்தது. நான் திரும்பிப் பார்த்தபோது பக்கத்தில் அண்ணியைக் காணோம். கீழே இருந்தாள். பாழாய்ப்போன அந்த வலது கால் பழக்க தோஷத்தில் மடங்கிவிட்டது. இந்தமுறை முழு மண்டி. எழ முடியவில்லை. கையை ஊன்றிப் பார்த்தாள், சேலையை இழுத்துப் பார்த்தாள். நான் அவள் அக்குளில் கை கொடுத்தேன், அசைகிற உடம்பா அது?

அழகேசன் பார்த்துவிட்டு ஓடி வந்தான். குனிந்தவன், முகமெல்லாம் சிரிப்பாக அவள் காதருகே கேட்டான்: "டீச்சர், இப்ப எதப் புடிச்சு எந்திரிப்பீங்க?"

அண்ணி வாயைத் திறப்பதற்குள் சந்தன மொட்டை ஒன்று எங்கள் கால்களுக்கு நடுவே நுழைந்து வந்தது. முத்தமிழ் அண்ணியின் முன்னால் வந்து நின்று தன் தோளைக் காட்டினாள். "அய்யோ, புள்ள தாங்காது" என்று அம்பிகா பதறினாள். அண்ணி ஒரு நொடி தயங்கினாள். பிறகு அந்தச் சின்னத் தோளில் கை வைத்து, தன் கனத்தையெல்லாம் கொடுத்து எழுந்தாள்.

முத்தமிழின் கால் இரண்டும் தரையில் ஊன்றி நின்றன. இம்மி அசையவில்லை.